ஃபாலோ பீரியட்: தரிசா, பட்டினியா, மீனிலாக் காலமா?

தொகுப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம்.

உவர்நீர் மீன்தொட்டி நோய்க் கையேட்டின் மொழிபெயர்ப்பு வெள்ளிக்கிழமை பக்க வடிவமைப்புக்குப் போகிறது. ஒரே ஒரு சொல் சிக்கிக்கொண்டு நிற்கிறது: ஃபாலோ பீரியட் (fallow period). ஆங்கிலத்தில் ஃபாலோ என்றால் உழவர் பயிரிடாமல் விட்டுவைக்கும் நிலம். தொட்டியில் நோய் பரவியதும் மீன்களை மருத்துவத் தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். பவளம், நத்தை, இறால், பாறை, மணல் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். தங்க உடம்பு கிடைக்காமல் ஒட்டுண்ணி அற்றுப்போகும்வரை காத்திருக்கும் காலம்தான் இது. இப்போதைக்கு 'தரிசுக் காலம்' என்று போட்டிருக்கிறேன். மெய்ப்பு பார்ப்பவர் ஒத்துக்கொள்ளவில்லை. தொட்டிமேல் ஒட்டும் சீட்டிலும் இச்சொல் வரும் என்பதால் இரண்டு சொல்லுக்கு மிகக் கூடாது.

கரம்பை:

தரிசில் என்ன குறை? ஆங்கிலத்தார் உழவிலிருந்து எடுத்தார்கள், நாமும் உழவிலிருந்து எடுக்கிறோம். நிலத்தை ஒரு போகம் சும்மா போட்டால் பயிரை அண்டிய பூச்சி இரையில்லாமல் குறையும். இங்கே நிலம் தொட்டி, பயிர் மீன். சொல்லும் நம்முடையதுதான். தரி என்றால் தங்கு, நில். உழவு நின்றுபோன நிலம் தரிசு.

ஆய்தம்:

கரம்பை ஐயா, 'தரி'யோடு 'சு' சேர்ந்தது என்று நீங்கள் சொல்வதற்குச் சான்று வேண்டும். பரிசு, முரசு, அரசு எல்லாவற்றிலும் கடைசியில் 'சு' இருக்கிறது. அதற்காக அவையெல்லாம் ஒரே விகுதி பெற்றவை ஆகிவிடா.

உழவுச் சொல்தான் வேண்டுமென்றால் இதைவிட நல்லது ஒன்று உண்டு: உணக்கு. 'தொடிப்புழுதி கஃசா உணக்கின்' (குறள் 1037). ஒரு பலம் எடையுள்ள புழுதி கால் பலம் ஆகும்வரை காயவிடுவது. ஒன்றும் செய்யாமல் விட்டுவைப்பதையே ஒரு செயலாகச் சொல்கிறது அந்தக் குறள். 'உணக்கற் காலம்' என்று வைக்கலாம்.

எளியநடை:

நீர் நிறைந்த தொட்டியை எப்படி ஐயா உணக்குவது? 'கஃசு' என்பதில் ஆய்தம் வருகிறது என்பதற்காகவே அந்தக் குறளைப் பிடித்தீர்களோ என்று தோன்றுகிறது. 'பட்டினிக் காலம்' என்று போடுங்கள். ஒட்டுண்ணி பட்டினியால் சாகிறது, படிப்பவருக்கும் உடனே புரியும்.

பவளத்திட்டு:

சொல்லின் வேர் எது என்று நான் வாதாடப் போவதில்லை. ஒவ்வொரு சொல்லையும் படிப்பவர் தொட்டியில் என்ன செய்து வைப்பார் என்று மட்டும் பாருங்கள்.

'பட்டினி' என்றால் தீனியை நிறுத்திவிடுவார். மீன் இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை தீனியோ சிறிது அம்மோனியம் குளோரைடோ போட வேண்டும். போடாவிட்டால் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா மெலிந்துவிடும். பிறகு எல்லா மீன்களையும் ஒரே நாளில் திருப்பிவிட்டால் அம்மோனியா எகிறும். நோயிலிருந்து தப்பிய மீன் அதில் சாகும்.

'வெற்றுத் தொட்டி' என்றால் நீரை வடித்துப் பாறையைக் கழுவிவிடுவார். 'ஓய்வுக் காலம்' என்றால் சூடேற்றியை அணைப்பார். அதுதான் மிகக் கெடுதல். ஒட்டுண்ணி பாறையிலும் மணலிலும் கூடு கட்டிப் பெருகும், குளிர்ந்த நீரில் அந்தக் கூடு வெடிக்கவே நாளாகும். 'தனிமைக் காலம்' என்றால் புது மீனைத் தனித்தொட்டியில் வைப்பதோடு குழப்பிக்கொள்வார்.

ஆய்தம் ஐயாவின் 'உணக்கல்' எனக்கு வேறோர் இடத்தில் வேண்டும். வலை, உறிஞ்சுகுழாய், வாளி இவற்றைக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் காயவிட்டால் கூடுகள் செத்துவிடும். கையேட்டில் அதை 'நன்கு உலர்த்தவும்' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறார்கள். அங்கே 'உணக்கல்' என்று ஒரு தலைப்பே கொடுக்கலாம்.

தொகுப்பாளர்:

எடுத்துக்கொண்டேன். கேட்டது ஒன்று, கிடைத்தது வேறு. முதற்சொல் இன்னும் வரவில்லை.

வகுப்பறை:

விலங்கியல் பாடநூல்களில் ஒட்டுண்ணி தங்கும் உயிருக்கு 'ஓம்புயிர்' என்ற சொல் நிலைத்துவிட்டது. 'ஓம்புயிரிலாக் காலம்' என்று சொன்னால் பொருள் துல்லியமாக இருக்கும். இலா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். வலி மிக வேண்டும், 'க்' விட்டுவிடாதீர்கள்.

எளியநடை:

துல்லியம்தான், ஆனால் சீட்டில் இடம் போதாது. மேலும் 'ஓம்பு' என்றால் பேணு. தன்னைத் தின்பதையே ஒரு மீன் பேணி வளர்க்கிறது என்பது விருந்தோம்பலின் உச்சம்.

கரம்பை:

கால அளவையே பெயராக வைத்துவிடலாமே. மருந்துண்ணும் கணக்குக்கு 'மண்டலம்' என்று ஒரு சொல் இருக்கிறது. 'மீன்மண்டலம்'?

பவளத்திட்டு:

எண்ணைச் சொல்லுக்குள் பூட்டாதீர்கள், அது வெப்பநிலையைப் பொறுத்து மாறும். வளர்ப்போரிடையே நெடுங்காலம் 76 நாள் என்பதே வழக்கு. கூடு வெடிக்க ஆய்வகத்தில் கண்ட மிக நீண்ட கணக்கு 72 நாள், அதோடு சில நாள் கூட்டிக்கொண்டார்கள். நீரை 27 பாகை செல்சியசில் விடாமல் வைத்தால் 45 நாள் போதும் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். சூடேற்றி நம்பகமாக இல்லாதவர் 76ஐயே வைத்துக்கொள்வது நல்லது.

இதெல்லாம் மீனுக்கு வெண்புள்ளி நோய் தரும் கிரிப்டோகேரியான் என்னும் குற்றிழை உயிரிக்கு. அது மீனின் தோலிலும் செவுளிலும் 3 முதல் 7 நாள் தின்று கொழுக்கும். பிறகு உதிர்ந்து, சில மணி நேரம் ஊர்ந்து, பாறையிலோ மணலிலோ நத்தை ஓட்டிலோ ஒட்டிக் கூடு கட்டும். கூட்டுக்குள் 200 வரை பிளவுபடும். வெடித்து நீந்தி வருபவைக்கு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்தான் ஆயுள். அதற்குள் மீன் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் கதை முடிந்தது. ஆகவே 'நலமாகத்தான் இருக்கிறது' என்று ஒரே ஒரு மீனை விட்டுவைத்தாலும் காத்திருந்தது வீண். புள்ளி வெளியே தெரியாமல் செவுளுக்குள் ஒட்டுண்ணி சுழன்றுகொண்டே இருக்கும்.

யூரோனிமா என்னும் வேறோர் ஒட்டுண்ணி வந்த தொட்டிக்கு இந்தக் காத்திருப்பால் பயனில்லை. அது மீன் இல்லாமலும் பாக்டீரியாவைத் தின்று வாழும். சொல் எதுவானாலும் 'எல்லா நோய்க்கும் மருந்து' என்ற தொனி வரக் கூடாது.

வகுப்பறை:

இந்த நான்கு பருவங்களுக்கும் கையேட்டில் என்ன போட்டிருக்கிறீர்கள்? ட்ரோஃபான்ட், ப்ரோடோமான்ட், டோமான்ட், தெரான்ட் என்று ஒலிபெயர்த்தே விட்டால் மாணவர் நான்கையும் கலந்துவிடுவார்கள்.

ஆய்தம்:

வினைத்தொகையாக்கினால் நான்கும் ஒரே அச்சில் வரும். தின்பது உண்நிலை, ஊர்வது ஊர்நிலை, பிளப்பது பகுநிலை, தேடுவது தேடுநிலை. கூடு கட்டுவதை உறைநிலை என்று மட்டும் சொல்லாதீர்கள். இயற்பியலார் அதை நீர் பனிக்கட்டியாகும் வெப்பநிலைக்கு எடுத்துக்கொண்டார்கள். கிரேக்கத்திலும் டோமான்டுக்குப் பிளத்தலே வேர்.

புணர்ச்சியைச் சொல்லாமல் விட முடியவில்லை. உண் + நிலை 'உண்ணிலை' ஆக வேண்டும். ஆனால் உள் + நிலையும் 'உண்ணிலை'தான். படிப்பவர் 'உள்ளே இருக்கும் நிலை' என்று கொண்டால் குற்றம் சொல்ல முடியாது. ஊண் என்று பெயராக்கினால், குறிலணைவில்லா ணகரம் கெட்டு 'ஊணிலை' என்று வரும்.

எளியநடை:

'ஊணிலை' என்பதை எல்லாரும் 'ஊண் இல்லை' என்றுதான் படிப்பார்கள். தின்று கொழுக்கும் பருவத்துக்குச் சாப்பாடு இல்லை என்று பெயர்! பிரித்தே எழுதுங்கள்: 'உண் நிலை'. தொல்காப்பியர் வந்து மெய்ப்பு பார்க்கப் போவதில்லை.

ஆய்தம்:

பிரித்து எழுதினால் அது தொகையே அல்ல. ஆனாலும் வெள்ளிக்கிழமைக்காக விட்டுக்கொடுக்கிறேன்.

தொகுப்பாளர்:

நான்கும் அட்டவணையில் ஏறின. இன்னொன்று: செம்பு மருந்து பற்றிய பக்கத்தில் கீலேட்டட் காப்பருக்குக் 'கொடுக்கிணைப்புச் செம்பு' என்று எழுதினேன். சரிதானே?

பவளத்திட்டு:

சொல் சரி. பக்கத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கொடுக்கிணைப்புச் செம்பு லிட்டருக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம் வேண்டும். செம்பு சல்ஃபேட்டானால் 0.15 முதல் 0.20 வரைதான். இரண்டையும் 'செம்பு' என்றே எழுதினால் ஒருவர் பத்து மடங்குக்கு மேல் ஊற்றிவிடுவார். அளவிடும் சோதனைப் பெட்டியும் மருந்தின் வகைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மருத்துவத் தொட்டியில் பாறையும் மணலும் கூடாது, சுண்ணாம்பு செம்பை உறிஞ்சி அளவைக் கீழே இழுத்துவிடும். பிவிசி குழாய்த் துண்டு, பஞ்சு வடிகட்டி, சூடேற்றி போதும்.

தொகுப்பாளர்:

சேர்க்கிறேன். நாளை காலை கோப்பை அனுப்ப வேண்டும். இதுவரை வந்ததில் 'மீனிலாக் காலம்' என்பதற்கே கை அதிகம் உயரும் போலிருக்கிறது. யாரும் அதை முன்மொழியவில்லை, தலைப்பில் நான்தான் எழுதினேன். எதிர்ப்பு உண்டா?

எளியநடை:

இல்லை. சீட்டில் இடம் கொள்ளும், செய்ய வேண்டியதும் சொல்லிலேயே இருக்கிறது.

ஆய்தம்:

சொல்லாட்சி எளிமையாக இருக்கிறது, இலக்கணம் பிழையில்லை. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

வகுப்பறை:

ஒரு சிக்கல் தெரிகிறது. தமிழில் எதையெல்லாம் மீன் என்கிறோம்? நட்சத்திர மீன், கணவாய் மீன், ஜெல்லி மீன். 'மீனிலா' என்று படித்ததும் ஒருவர் நட்சத்திர மீனையும் பிடித்து மருத்துவத் தொட்டியில் போட்டுவிட்டால்? மறுபக்கம், கடற்குதிரையைப் பலர் மீன் என்றே நினைப்பதில்லை. விலாங்கைப் பாம்பு என்பாரும் உண்டு.

பவளத்திட்டு:

வகுப்பறை அம்மா சொல்வது பெரிய ஓட்டை. நட்சத்திர மீன் செம்பில் செத்துவிடும். உவர்ப்பைக் குறைத்து அடர்த்தி எண் 1.009இல் வைக்கும் முறையையும் முதுகெலும்பிலிகள் தாங்கா. விலாங்கையோ கடற்குதிரையையோ முதன்மைத் தொட்டியில் விட்டுவைத்தால் ஒட்டுண்ணிக்கு உடம்பு கிடைத்துவிடும்.

கரம்பை:

இதைத்தான் அப்போதே சொன்னேன். தரிசில் 'மீன்' என்ற சொல்லே இல்லை, ஆகவே இந்தக் குழப்பமும் இல்லை.

எளியநடை:

தரிசு என்றால் பவளத்தையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள் ஐயா. தரிசு நிலத்தில் என்ன விளைந்திருக்கும்?

கரம்பை:

புல் விளையும். ஆடு மேயும். தரிசு என்பது செத்த நிலம் அல்ல, விதைக்காத நிலம். இந்த வேறுபாடு தெரியாத தலைமுறைக்காகச் சொல்லைக் கைவிடுவதா?

தொகுப்பாளர்:

வேறு வழியில்லை, 'மீனிலாக் காலம்' என்றே போகிறது. முதல் முறை வரும் இடத்தில் விளக்கம் இப்படி: "செவுளும் முதுகெலும்பும் உள்ள மீன்கள் அனைத்தையும் (கடற்குதிரை, விலாங்கு உட்பட) எடுத்துவிட்டு, நட்சத்திர மீன் முதலான முதுகெலும்பிலிகளைத் தொட்டியிலேயே விட்டுவைக்கும் காலம்." சொற்பட்டியலில் 'தரிசுக் காலம், காண்க: மீனிலாக் காலம்' என்று ஒரு வரி இருக்கும்.

கரம்பை:

'காண்க' என்று ஒரு மூலையில் உட்கார வைத்ததற்கு நன்றி. என் எதிர்ப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பதிப்பு வரட்டும்.

பவளத்திட்டு:

சீட்டு அச்சாகும் முன் ஒன்று. 'தொடங்கிய நாள்' என்று ஒரு கோடு போட்டிருக்கிறீர்கள். அதை 'கடைசி மீன் எடுத்த நாள்' என்று மாற்றுங்கள். பாறை இடுக்கில் ஒளிந்த ஒன்றைப் பிடிக்கப் பத்து நாள் ஆகலாம், எண்ணிக்கை அன்றிலிருந்துதான். அதன் கீழே இன்னொரு கோடும் வேண்டும்: 'ஈரமான பொருள் உள்ளே போன நாள்'. வேறு தொட்டியின் வலையோ, புதுப் பவளமோ, ஈரக்கையோ பட்டால் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

எளியநடை:

'ஈரமான பொருள்' என்பதற்கு ஒரு சொல்...

தொகுப்பாளர்:

வேண்டாம்.