எம்ஆர்2 மலை ஏறும்போது சூடாகிறது, ரேடியேட்டர் மாற்றத்தான் வேண்டுமா?

தாப்பா தம்பி:
வணக்கம் அண்ணன்மார்களே. என்னுடையது டொயோட்டா எம்ஆர்2, எஸ்டபிள்யூ20, 1991 மாடல், டர்போ இல்லாத 3எஸ்-ஜிஇ இன்ஜின், மேனுவல் கியர். ஜப்பானில் இருந்து ரீகண்டிஷனாக வந்து இரண்டு கை மாறி என்னிடம் வந்தது. தோட்டத்து ஆபீசில் வேலை, அதனால் சனி ஞாயிறுதான் வண்டியை வெளியே எடுப்பேன்.

பழைய ரேடியேட்டர் ஹோஸ்கள் ஊதிப் போயிருந்தன என்று இங்கே ஒரு பட்டறையில் எல்லாவற்றையும் மாற்றி, இன்ஜினைக் குளிர்விக்கும் புது கூலண்ட் ஊற்றினார்கள். அதற்கப்புறம்தான் தலைவலி. நெடுஞ்சாலையில் எவ்வளவு தூரம் போனாலும் சூடு காட்டும் முள் பாதிக்குக் கீழேயே நிற்கிறது. கேமரன் மலை ரோட்டில் ஏறினால் லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சி தாண்டியதும் ஏற ஆரம்பித்து முக்கால் வரை போய்விடுகிறது. ஓரம் கட்டி நின்றால் மெதுவாக இறங்காமல் சட்டென்று கீழே விழுகிறது, கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஏறுகிறது. தோட்ட ரோட்டில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்ந்தாலும் இதே கதை. ஏர்கோன் போட்டால் முன்னால் ஃபேன் ஓடும் சத்தம் கேட்கிறது. இன்ஜின் எண்ணெயில் வெள்ளை கலக்கவில்லை, தண்ணீர் எங்கும் ஒழுகவில்லை. ஸ்டார்ட் செய்ததும் டேஷ்போர்டுக்கு அடியில் குளுகுளு என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது.

பட்டறை போர்மேன் அலுமினிய ரேடியேட்டர் போடச் சொல்கிறார், 1,200 வெள்ளி (ரிங்கிட்). எப்படியும் ஒரு நாள் போட ஆசைதான், ஆனால் இதற்கு அதுதான் மருந்தா?

சுங்காய்க்காரன்:
சூடானதும் திறந்து கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போடு தம்பி. நம் நாட்டு வெயிலுக்கு அது எதற்கு? இல்லையென்றால் 71 டிகிரியில் திறக்கும் ரேசிங் சாமான் கிடைக்கும், அதைப் போடு.

ஈப்போ மாமா:
வேண்டாம் தம்பி, இரண்டும் வேண்டாம். உன் வண்டியில் ஒரிஜினல் தெர்மோஸ்டாட் 82 டிகிரி அளவில் திறக்க ஆரம்பிக்கும். மலையில் முள் முக்காலுக்குப் போகும் நேரத்தில் அது எப்போதோ முழுசாகத் திறந்திருக்கும். 71 டிகிரி சாமானும் அந்த நேரத்தில் அதே மாதிரி திறந்துதான் இருக்கும், அதனால் மலையில் எந்த வித்தியாசமும் வராது. கழற்றியே போட்டுவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல், இன்ஜின் கணினி இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து பெட்ரோலைக் கூட்டி ஊற்றும்.

நீயே எழுதியதைத் திரும்பப் படித்துப் பார். ஹோஸ் மாற்றியதற்கு அப்புறம் வந்தது, முள் சட்டென்று விழுகிறது, டேஷ்போர்டுக்கு அடியில் குளுகுளு. இது காற்று. ரேடியேட்டர் கெட்டுப் போயிருந்தால் சூடு நிதானமாக ஏறி நிதானமாக இறங்கும். சென்சார் முனையில் தண்ணீர் இல்லாமல் காற்றோ நீராவியோ மாறி மாறி வந்தால்தான் முள் இப்படிக் குதிக்கும்.

இந்த வண்டியில் இன்ஜின் சீட்டுக்குப் பின்னால், ரேடியேட்டர் மூக்கில். நடுவில் வண்டியின் வயிற்றுக்கு அடியில் இரண்டு நீளக் குழாய்கள் ஓடுகின்றன. மொத்தம் சுமார் 13 லிட்டர் கூலண்ட் பிடிக்கும். சாதாரண வண்டிக்குச் செய்வது போலப் பின்னால் மூடியைத் திறந்து ஊற்றி, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டால் முன்னால் இருக்கும் காற்று வெளியே வராது. அதற்காகவே ரேடியேட்டரில் ஒரு காற்று வால்வும் ஹீட்டர் பைப்பில் ஒரு காற்று வால்வும் வைத்திருக்கிறார்கள், இரண்டும் முன் பெட்டிக்குள். பட்டறையில் அவற்றைத் திறந்தார்களா? உன் வண்டியில் ஹீட்டர் வேலை செய்கிறதா?

வெள்ளை டர்போ:
மாமா சொன்னது சரி, ஆனால் இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. எண்ணெயில் வெள்ளை வராமலும் அது போகும். நீல நிறத் திரவம் ஊற்றிய குழாயைக் கூலண்ட் வாயில் வைத்துச் சோதிப்பார்கள், எரிந்த வாயு கசிந்தால் நீலம் மஞ்சளாகும். காலையில் இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்த உடனேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினாலும் சந்தேகப்படு.

இன்னொன்று. மலை ஏறி நின்றதும் முன்னால் போகும் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பார். ரப்பர் மேல் காட்டு, பளபளக்கும் உலோகத்தில் தப்பான அளவு வரும். இன்ஜின் கொதிக்கும்போது முன்னால் போகும் குழாய் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் தண்ணீர் சுற்றவில்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே சூடாக இருந்தால் தண்ணீர் சுற்றுகிறது, ரேடியேட்டர்தான் சூட்டை வெளியே விடவில்லை. 1,200 வெள்ளிக்கு முன்னால் செய்ய வேண்டியது இது. கையால் தொடாதே, சூடாக இருக்கும்போது மூடியையும் திறக்காதே.

ஷோப்பியில் விற்கும், வண்டிக் கணினியின் பழுதைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் வாங்கி ஏமாறாதே, இந்த வண்டி அதற்கெல்லாம் முந்தியது. டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஇ1 முனைக்கும் இ1 முனைக்கும் ஒரு கம்பி போட்டால் செக் இன்ஜின் விளக்கு மினுக்கி பழுதுக் கோட் எண்ணைச் சொல்லும். 22 வந்தால் கணினிக்குப் போகும் தண்ணீர் சூட்டு சென்சார். டேஷ்போர்டு முள்ளுக்கு வேறு சென்சார், அதைக் கோட் சொல்லாது.

தாப்பா தம்பி:
நன்றி அண்ணே, நன்றி மாமா. ஸ்பேர் டயரை எடுத்துவிட்டுப் பார்த்தேன். ஹீட்டருக்குப் போகும் இரண்டு பைப்பையும் ஒரு வளைந்த ஹோஸால் நேராக இணைத்திருக்கிறார்கள், அந்தக் காற்று வால்வையே காணோம்! பட்டறையில் கேட்டால் ஹீட்டர் உள்ளே ஒழுகியது, மலேசியாவில் யார் ஹீட்டர் போடுகிறார்கள் என்று கட் பண்ணிவிட்டோம் என்கிறார்கள். ரேடியேட்டர் வால்வைத் திறக்கவே இல்லையாம்.

கோட் எதுவும் வரவில்லை. தெர்மாமீட்டர் கடன் வாங்கிப் பார்த்தேன். சமதளத்தில் இரண்டு குழாயும் சரியாக இருக்கின்றன. மலையில் முள் ஏறும் நேரத்தில் முன்னால் போகும் குழாய் திடீரென்று ஆறுகிறது.

ஈப்போ மாமா:
ஆள் மாட்டிக்கொண்டான். அந்த வளைந்த ஹோஸ் மேல் நோக்கி வில்லாக நிற்கிறதா? அந்தப் பக்கத்தில் அதுதான் உயரமான இடம், காற்று அங்கே போய்க் குந்திக்கொள்கிறது. மலையில் வேகமாகச் சுழலும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து இன்ஜின் பக்கம் போகிறது.

ஹீட்டர் கோர் மாற்ற டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டும், இப்போதைக்கு அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். ஹீட்டரைத் தவிர்க்கும் இந்த பைபாஸ் ஹோஸ் இருக்கட்டும். ஹோஸைச் சிறியதாக வெட்டித் தாழ்வாகப் போட்டு, அதன் உச்சியில் ஒரு பித்தளை டீ (T வடிவ இணைப்பு) வைத்து, அதில் ஒரு சின்ன வால்வு மாட்டு. ஈப்போவில் அரை வெட்டு வண்டிக் கடைகளில் (பாதியாக வெட்டி வந்த பழைய வண்டிகளின் பாகம் விற்பவை) தேடினால் பழைய ஒரிஜினல் பைப் வால்வோடு கிடைத்தாலும் கிடைக்கும்.

ஊற்றும் முறை இதுதான். வண்டி சமதளத்தில், இன்ஜின் முழுசாக ஆறியிருக்க வேண்டும். முன்னால் இரண்டு வால்விலும் தெளிவான பிளாஸ்டிக் குழாய் மாட்டி, நுனிகளை முன் மூடியில் உயரமாகக் கட்டு. ரேடியேட்டர் வால்வை அழுத்தித் திருகாதே, பழைய பிளாஸ்டிக் என்றால் முறிந்துவிடும். பின்னால் வாயில் மெதுவாக ஊற்று. கொத்தனார் தண்ணீர் மட்டம் பார்ப்பது போல, முன்னால் குழாய்களில் தெரியும் கூலண்டும் பின்னால் வாயில் இருக்கும் கூலண்டும் ஒரே உயரத்துக்கு வரும் வரை ஊற்றிக்கொண்டே இரு. குழாயில் குமிழி நின்ற அப்புறம் வால்வுகளை மூடு. அவசரப்படாதே, ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பார்.

சுங்காய்க்காரன்:
வண்டியின் மூக்கை ஜாக்கியில் தூக்கினால் சீக்கிரம் ஆகாதா மாமா?

ஈப்போ மாமா:
குழாய் உயரமாகக் கட்டியிருந்தால் தூக்கத் தேவையில்லை. தூக்கினால் மட்டம் பார்க்கும் கணக்கு கலைந்துவிடும். பக்கத்தில் கம்ப்ரஸரும் வேக்கம் ஃபில்லரும் இருந்தால் அது இன்னும் சுத்தம், உள்ளே இருக்கும் காற்றை முதலிலேயே உறிஞ்சிவிட்டுக் கூலண்டை இழுக்கும்.

வெள்ளை டர்போ:
பழைய கூலண்ட் சிவப்பா பச்சையா? கலந்து ஊற்றியிருந்தால் இந்த முறை முழுசாகக் கழுவிவிடு. பைப் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் எதுவும் வேண்டாம், காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலண்டும் பாதிக்குப் பாதி. அடியில் ஓடும் குழாய்கள் உள்ளே துருப்பிடித்தால் அதற்கப்புறம் அலுமினிய ரேடியேட்டர் போட்டும் பயனில்லை. பிரஷர் மூடியும் புதுசாக வாங்கு. 0.9 பார் பிடிக்கும் மூடியில் வெறும் தண்ணீரே சுமார் 119 டிகிரியில்தான் கொதிக்கும், மூடி தளர்ந்திருந்தால் 100-ஐத் தாண்டியதுமே நீராவி. அப்படியே முன்னால் ஏர்கோன் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பார். தோட்ட ரோட்டில் ஓடும் தாழ்ந்த வண்டி, செம்மண்ணும் சருகும் பூச்சியும் அடைத்திருக்கும்.

தாப்பா தம்பி:
எல்லாம் செய்தேன். அந்த வளைவில் இருந்து வந்த காற்றைப் பார்த்து என் தங்கையே சிரித்தாள், குழாயில் அவ்வளவு நேரம் குமிழி. ரேடியேட்டர் முன்னால் அண்ணே சொன்ன மாதிரி சருகு மெத்தை, கண்டென்சரைக் கொஞ்சம் நகர்த்தித்தான் எடுக்க முடிந்தது. மூடி புதுசு, டீ வால்வு போட்டாச்சு.

நேற்று ரிங்லெட் வரை ஏறினேன், ஏர்கோன் போட்டுக்கொண்டே. முள் பாதியைத் தாண்டவில்லை. லோரிக்குப் பின்னால் ஊர்ந்தபோது ஒரு கோடு ஏறி, ஃபேன் ஓடியதும் இறங்கிவிட்டது. குளுகுளுவும் இல்லை. சரி, இப்போது அந்த 1,200 வெள்ளிக்கு என்ன போடலாம்? சஸ்பென்ஷனா?

ஈப்போ மாமா:
இன்ஜின் வால்வுகளின் நேரத்தை ஒத்து ஓட்டும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றினாய் என்று உனக்குத் தெரியுமா? தெரியாது என்றால் முதல் செலவு அதுதான், 1 லட்சம் கிலோமீட்டர் கணக்கு. இந்த இன்ஜினில் வாட்டர் பம்பை ஓட்டுவதே அந்த பெல்ட்தான், அதனால் பெல்ட் கழற்றும்போது பம்பையும் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றிவிடு. மறுபடி கூலண்ட் இறக்க வேண்டி வரும், அந்தத் தெளிவான குழாய்களைத் தூக்கிப் போட்டுவிடாதே. நாளைக் காலையில் இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது கூலண்ட் மட்டத்தையும் ஒரு முறை பார்த்துக்கொள், கொஞ்சம் இறங்கியிருக்கும்.