புதுப்பிப்பு: மென்பொருள் சுதந்திர நாள், ஒத்திகை முடிந்தது

செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை வரும் மென்பொருள் சுதந்திர நாளைப் புதியவர்களுக்காக எப்படி நடத்தலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். யாரும் தடையின்றிப் பயன்படுத்தி, மாற்றி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருள்களை அறிமுகப்படுத்தும் நாள் அது. "பேச்சைக் குறைங்க, கையில கொடுங்க" என்றுதான் பலரும் சொன்னீர்கள். ஐந்து உரைகளை ஒன்றாக்கிவிட்டோம், அதுவும் 20 நிமிடம்தான்.

ஞாயிறன்று ஒத்திகை. விண்டோஸுக்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டினோம், வன்தட்டைத் தொடவில்லை. பக்கத்து வீட்டு அக்காவை உட்காரவைத்து, ஆவணங்கள் எழுத உதவும் லிப்ரெஆபீஸைத் திறந்து, தமிழ்99 விசைப்பலகையைப் போட்டுக் கொடுத்தோம். 'அம்மா' என்று அடித்தார். 'ம' இரண்டாவது முறை விழுந்ததும் முதல் 'ம'-வுக்குப் புள்ளி தானாக வந்து உட்கார்ந்தது. "இதுக்கும் காசு இல்லையா?" என்று கேட்டுவிட்டு அரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. அதனால் தமிழ்த் தட்டச்சு மேசைதான் வாசலுக்கு நேரே.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததால் பழைய மடிக்கணினிகள் நிறைய வரும். லினக்ஸை நிறுவ விரும்புபவர்கள் கோப்புகளை வேறு வட்டில் நகலெடுத்து, பிட்லாக்கர் (வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியையும் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் நிறுவாமல், பென்டிரைவிலிருந்து லைவாகக் காட்டுவதோடு சரி. யாருடைய குழந்தைப் படங்களும் எங்கள் கையால் அழியக் கூடாது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இன்னும் நான்கு தேவை. இருப்பவர்கள் சொல்லுங்கள்.