பழமுறைச் செருகுவாய்: ‘லெகசி போர்ட்’டுக்கு ஒரு பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

‘போர்ட்’ என்பது கணினியில் கேபிளைச் செருகும் இடம். புதிய முறைகள் வந்த பின்னும் பழைய கருவிகளுக்காக விட்டுவைத்திருக்கும் போர்ட்டை ஆங்கிலத்தில் ‘லெகசி போர்ட்’ என்கிறார்கள். நம் அகராதியில் அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற பேச்சில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: வழக்கொழிந்த துறை, மரபுத் துறை, முதுசத் துறை. மூன்றிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

முதலில் ‘வழக்கொழிந்த’. கடையில் புது மடிக்கணினியைத் திருப்பிப் பார்ப்பவருக்கு இது சரியான சொல்லாகத்தான் படும். 1998-இல் ஆப்பிளின் ஐமேக், விசைப்பலகை, மவுஸ், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் யுஎஸ்பி போதும் என்று வந்தது. 2010 டிசம்பரில் இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ, சாம்சங், எல்ஜி ஆகியவை சேர்ந்து, திரையை இணைக்கும் பழைய முறையான விஜிஏவை 2015-க்குள் கைவிடப்போவதாக அறிவித்தன. 2015-இல் வந்த இன்டெலின் ஸ்கைலேக் செயலிகளில் விஜிஏவுக்கான நேரடி வசதியே இல்லை. வேண்டுமென்றால் தயாரிப்பாளர் தனியாக ஒரு மாற்றிச் சில்லு வைக்க வேண்டும். ஆக, மடிக்கணினியைப் பொறுத்தவரை கதை ஏறக்குறைய முடிந்துவிட்டது.

ஆனால் பட்டறைப் பக்கம் போனால் வேறு கதை. பழைய சிஎன்சி இயந்திரங்களுக்கு, அதாவது நிரல் சொல்கிறபடி உலோகத்தை வெட்டிக் கடையும் இயந்திரங்களுக்கு, நிரலை இன்னும் சீரியல் கேபிளில்தான் (தரவை ஒவ்வொரு பிட்டாக வரிசையில் அனுப்பும் பழைய கேபிள்) அனுப்புகிறார்கள். லாரி எடைமேடையில் எடை காட்டும் கருவிக்கும் பில் போடும் கணினிக்கும் நடுவே ஓடுவதும் பெரும்பாலும் அதே ஒன்பது பின் கேபிள்தான். அதன் இரண்டு பக்கமும் திருகு இருக்கும். முடுக்கிவிட்டால் யார் கால் தடுக்கினாலும் இயந்திரம் அதிர்ந்தாலும் கழன்று வராது. யுஎஸ்பியை இழுத்தால் கையோடு வந்துவிடும். ஆர்எஸ்-232 என்ற இந்தச் சீரியல் முறையை அமெரிக்காவில் வகுத்தது 1960-இல். இத்தனை ஆண்டு அது நின்றதற்கு இந்த உறுதியும், வேலை செய்யும் விதத்தின் எளிமையும் காரணம். தொழிற்சாலைக்கென்றே செய்யப்படும் கணினிகளில் இன்றும் இந்த போர்ட்டை வைத்தே விற்கிறார்கள். சாதாரண மேசைக்கணினியின் தாய்ப்பலகையிலும் பல நேரம் பின்பக்கத் துளைதான் இருக்காது. உள்ளே, பலகையின் மேல், ‘காம்’ (சீரியல் போர்ட்டின் பெயர்) என்று அச்சிட்ட இடத்தில் ஊசி போன்ற பின்களின் வரிசை நின்றுகொண்டிருக்கும்.

விண்டோஸில் ஒரு கோப்புறைக்கு ‘காம்1’ என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்துப் பாருங்கள், ஏற்காது. சீரியல் போர்ட்டுக்கான அந்தப் பெயரும், பழைய பிரிண்டர்களை இணைத்த பேரலல் போர்ட்டுக்கான ‘எல்பிடி1’ என்ற பெயரும், விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸின் காலத்திலிருந்து ஒதுக்கிவைக்கப்பட்டவை. போர்ட்டே இல்லாத கணினியிலும் இதே கட்டுப்பாடுதான். இப்படி இன்னும் புழங்கும் போர்ட்டை வழக்கொழிந்தது என்று நம் அகராதியில் எழுதினால் பயனரைத் தவறான முடிவுக்குத் தள்ளுவோம். ‘அதான் போயிடுச்சே, ஒரு கன்வெர்ட்டர் வாங்கிக்கலாம்’ என்று நினைப்பார். கன்வெர்ட்டர் எல்லா இடத்திலும் உதவாது. சீரியல் போர்ட்டின் முகவரிக்கே நேராக எழுதும் பழைய டாஸ் நிரலுக்கு யுஎஸ்பி கன்வெர்ட்டர் இருப்பதே தெரியாது. பேரலல் இன்னும் மோசம். கடையில் கிடைக்கும் யுஎஸ்பி-பேரலல் கேபிள் பிரிண்டருக்கு மட்டும்தான். அந்த போர்ட் வழியாகத் துடிப்புகளை அனுப்பி மோட்டாரைச் சுற்றவைக்கும் சிறு சிஎன்சி அமைப்பு அதில் ஓடாது.

அப்புறம் ‘மரபு’. மரபுக்கவிதை, மரபணு, மரபு விதை என்று எங்கே வந்தாலும் காக்க வேண்டியது என்ற மதிப்பு கூடவே வருகிறது. ‘லெகசி’ என்று பொறியாளர் சொல்லும்போது அந்த மதிப்பு இல்லை. ‘முன்பு வந்தது, இன்னும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது’ என்பதுதான் பொருள்.

இலங்கை நண்பர் தந்த ‘முதுசம்’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களை டச்சுக்காரர் 1707-இல் தொகுத்த தேசவழமைச் சட்டத்தில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்து மூன்று வகை. அதில் முதுசம் முன்னோர் வழி வந்தது. பொருளுக்கு இவ்வளவு நெருங்கிய சொல் வேறு வரவில்லை. ஆனால் தமிழகத்தில் பெரும்பாலோருக்கு அது தெரியாது, தெரிந்தவருக்கோ காணியும் வீடும்தான் நினைவுக்கு வரும். வருத்தத்தோடுதான் விலக்கிவைக்கிறேன்.

என் பரிந்துரை ‘பழமுறை’. வயதில் பழையது என்றில்லாமல், முந்தைய முறையைச் சேர்ந்தது என்று அது சொல்கிறது. நேற்று வாங்கிய தாய்ப்பலகையில் உள்ள பிஎஸ்/2-வும் (விசைப்பலகை, மவுஸுக்கான பழைய வட்டத் துளை) பழமுறைதான். பத்து ஆண்டு தேய்ந்த யுஎஸ்பி டைப்-சி வெறும் பழையது. இந்த வேறுபாட்டைக் காட்டாத சொல் நமக்கு உதவாது. கிளைக்கவும் செய்கிறது: பழமுறைக் கருவி, பழமுறை மென்பொருள், பழமுறை நீங்கிய கணினி. ‘லெகசி சிஸ்ட’த்துக்கு மட்டும் ‘பழமுறை முறைமை’ என்று இடறும், அங்கே ‘பழமுறை அமைப்பு’ போதும்.

ஆங்கிலத்தில் பிணையத்தில் ஒவ்வொரு சேவைக்கும் தரும் எண்ணும் ‘போர்ட்’தான். ‘துறை’யை நான் அந்தப் பிணைய எண்களுக்கு விட்டுவிடச் சொல்கிறேன். 80-ஆம் துறை, 443-ஆம் துறை என்பது நன்றாகவே இருக்கிறது. கையால் தொட்டுச் செருகுவதற்கு ‘செருகுவாய்’. கணினிப் பக்கத்துச் சீரியல் போர்ட்டில் துளை இல்லையே, பின்கள்தானே நீட்டிக்கொண்டிருக்கின்றன, அது எப்படி வாய் ஆகும் என்று ஒருவர் கேட்டிருந்தார். உற்றுப் பாருங்கள். பின்களைச் சுற்றி ஆங்கில ‘டி’ வடிவில் ஓர் உலோக விளிம்பு இருக்கிறது. கேபிள் முனையின் உலோக ஓடு அந்த விளிம்புக்கு உள்ளேதான் போய் உட்காருகிறது. வாய் என்பது பொருந்தும்.

விளக்கத்தில் பெயர்களை முடிந்த பட்டியலாகப் போட வேண்டாம் என்பதும் என் வேண்டுகோள். 2015-இல் ஆப்பிளின் மேக்புக் ஒன்று, ஹெட்போன் துளையைத் தவிர, டைப்-சி மட்டுமே வைத்து வந்தது. நமக்குப் பழக்கமான செவ்வக யுஎஸ்பியான டைப்-ஏவும் இந்த வகைக்குள் வரும் காலம் தொலைவில் இல்லை. அகராதிக்கு நான் எழுதிப் பார்த்த பதிவு:

பழமுறைச் செருகுவாய்: புதிய இணைப்பு முறை பரவிய பின்னும் பழைய கருவிகளுக்காகக் கணினியில் வைக்கப்படும், அல்லது மாற்றி வழியே பெறப்படும், முந்தைய முறைச் செருகுவாய். (எ-டு: சீரியல், பேரலல், பிஎஸ்/2, விஜிஏ.)

திருத்தம் இருந்தால் சொல்லுங்கள். மாற்றி, இணைப்பி, டாங்கிள் ஆகியவற்றுக்கு வெவ்வேறு சொல் வேண்டுமா என்பதைத் தனி இழையில் எடுத்துக்கொள்வோம். அதற்கு ஒரே சொல் போதாது என்பது மட்டும் இப்போதே தெரிகிறது.