பைபோலாரோட (மனநிலை அளவு மீறி ஏறி இறங்குற நோய்) ஏடிஹெச்டியும் (கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறு) இருந்தா, அதுக்கான மருந்து மெத்தில்ஃபெனிடேட் போடலாமா?

கேள்வி: லித்தியத்துல (மனநிலையைச் சீரா வைக்கிற மருந்து) மனநிலை சீரா இருக்கிறவருக்கு மெத்தில்ஃபெனிடேட் சேர்த்தா மேனியா (அளவு மீறின உற்சாக நிலை) கிளம்புமா?

பதில் 1: லித்தியம் மாதிரி ஒண்ணு கூட இருக்கா இல்லையா, அதுதான் விஷயம். 2017ல வந்த ஸ்வீடன் பதிவேட்டு ஆய்வுல (மருத்துவப் பதிவுகளை வச்சு செஞ்சது), அது இல்லாம மெத்தில்ஃபெனிடேட் எடுத்தவங்களுக்கு முதல் 3 மாசத்துல மேனியா ஆபத்து 6.7 மடங்கு. கூட இருந்தவங்களுக்கு ஏறல. லித்தியத்தை நிறுத்திட்டு இதை மட்டும் தொடர்றதுதான் வினை.

பதில் 2: மெத்தில்ஃபெனிடேட் சாதா மாத்திரை (மெதுவா வெளியாகாத வகை) வேலை செய்றது 3–4 மணி நேரம். வழக்கமா காலை 5, மதியம் 5 மி.கி.ன்னு ஆரம்பிப்பாங்க. சாயங்காலம் போட்டா தூக்கம் கெடும். தூக்கம் கெட்டாலே மேனியா தூண்டப்படலாம்.

பதில் 3: 4 மணி நேரமே தூங்கியும் களைப்பில்லை, பேச்சு வேகம், கண்டபடி செலவு: இதெல்லாம் மேனியா அறிகுறி, அன்னைக்கே டாக்டரைக் கூப்பிடுங்க. "மருந்து நல்லா கேக்குது"ன்னு ஏமாறாதீங்க. கார்பமசெபின் (இதுவும் மனநிலையைச் சீராக்கத் தர்ற மருந்து) எடுத்தா மெத்தில்ஃபெனிடேட் ரத்தத்துல குறையும். அதுக்காக டோஸை நாமளே ஏத்தக் கூடாது.