பிள்ளைகள் சத்தம் போட்டுச் சிரிக்கிற தமிழ்ப் புத்தகம் ஏதும் இருக்கா?

சாமிமலைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். சனிக்கிழமை பின்னேரம் கோயிலுக்குப் பக்கத்து ஹோலில் பிள்ளைகளைச் சேர்த்து வாசிக்க வைக்கிறேன். வகுப்பு என்று சொன்னால் ஒருத்தரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள், அதனால் 'புத்தகக் கூத்து' என்று பெயர் வைத்தோம். தரம் 3 முதல் 7 வரை 19 பேர் வருகிறார்கள். மழை நாளில் 25 ஆகிவிடும், கிரிக்கெட் விளையாட முடியாதே.

போன ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் கொழும்பிலிருந்து யாரோ நல்ல மனசோடு 3 பெட்டி புத்தகம் அனுப்பினார்கள். ஒரு பெட்டி முழுக்கத் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் பழைய வினாத்தாள். இன்னொன்றில் பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறு. மூன்றாவதில் கதைகள் இருந்தன, ஆனால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. முயல் சோம்பேறியாக இருக்கும், கஷ்டப்படும், கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு 'நீதி' என்று இருக்கும். எங்கள் தரம் 6 பையன் ஒருவன் புத்தகத்தை எடுத்ததுமே கடைசிப் பக்கத்தைத்தான் பார்ப்பான். "டீச்சர், யாருக்கு அடி விழும்னு தெரிஞ்சிருச்சு" என்று சொல்லி மூடி வைத்துவிடுவான்.

இத்தனை நாளில் அந்த ஹோலில் ஒரே ஒரு தரம்தான் வயிறு வலிக்கச் சிரித்தார்கள், அதுவும் ஓர் அச்சுப்பிழையால். 'அரசர் படையுடன் புறப்பட்டார்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'வடையுடன் புறப்பட்டார்' என்று இருந்தது. வாசித்த பிள்ளைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டாள். அன்றைக்கு யுத்தமே நடக்கவில்லை. எதிரி அரசன் சம்பலோடு வந்தான், தளபதி தேத்தண்ணி ஊற்றினான், இரண்டு நாடும் சமாதானம்.

அதிலிருந்துதான் இந்தக் கேள்வி. 8 முதல் 12 வயதுப் பிள்ளைகள் சத்தம் போட்டுச் சிரிக்கக்கூடிய தமிழ்ப் புத்தகம் எது? சென்னைப் பேச்சிலேயே முழுக்க ஓடுகிற பகிடி இங்கே எடுபடாது. நான் விளக்கி முடிப்பதற்குள் சிரிப்பு ஆறிப்போய்விடும். அப்புறம் இன்னொரு மனக்குறை. தோட்டத்துப் பிள்ளை வருகிற கதை என்றால் அதில் யாராவது கட்டாயம் அழுதே ஆக வேண்டும் போலிருக்கிறது. மழை, ஒழுகுகிற லயத்து வரிசை வீடு, கொழுந்துக்கூடையோடு அம்மா, கடைசியில் ஓர் இருமல். கஷ்டம் இருப்பது இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாதா? அதே லயத்தில் இராத்திரி 8 மணிக்கு ஒரே சிரிப்பாக இருக்குமே, அதை யாரும் எழுதவில்லையா?

கையில் 4,000 ரூபா இருக்கிறது. சொல்லுங்கள்.

பழைய வாத்தியார் (பண்டாரவளை):

மகள், ஒற்றை விரலால் தட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 31 வருஷம் படிப்பித்தவன் என்பதால் கொஞ்சம் நீளும்.

பரமார்த்த குரு கதையை எடுங்கள். ஒரு குரு, மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று 5 சீடர்கள். பெயரை வாசிக்கும்போதே பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். எழுதியவர் வீரமாமுனிவர். இத்தாலியிலிருந்து வந்த பாதிரியார், 1747இல் காலமானவர். 1822இலேயே லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சான கதை. வெளியூர்ப் பாதிரிமார் பேச்சுத் தமிழ் பழகவும் இது உதவியது. நம் மலையில் வெள்ளைக்காரச் சின்னத்துரைமார் தமிழ் பழகவும் ஒரு கையடக்கப் புத்தகம் இருந்தது. அதன் பெயரே 'இங்கே வா'. பாதிரியார் குருவையும் சீடர்களையும் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனார், துரைமார் நம்மை மலைக்குக் கூட்டிப்போனார்கள். சரி, அது வேறு கதை.

ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைப்பார்கள். 'சுர்' என்று சீறும். ஆறு விழித்திருக்கிறது என்று ஓடிவந்துவிடுவார்கள். பிறகு அதே அணைந்த கட்டையைக் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பார்கள். சத்தமே வராது. ஆறு தூங்கிவிட்டதாம், மெல்ல நடந்து கடப்பார்கள். குதிரை முட்டை என்று நம்பிப் பூசணிக்காயை விலைக்கு வாங்குவதும் இதில்தான். ஏப்ரலில் நுவரெலியாவில் குதிரைப் பந்தயம் பார்த்த பிள்ளை ஒன்று இருந்தால் அதை எழும்பி நிற்கவைத்துக் குதிரையைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள், பிறகு இந்தக் கதையை வாசியுங்கள்.

ஆனால் நான் கைவைத்துச் சொல்வது கடைசிப் பகுதியை. பின்பக்கம் குளிர்ந்தால் குருவுக்குச் சாவு நெருங்கிவிட்டது என்று ஒருவன் சோதிடம் சொல்லிவிடுவான். அன்றிலிருந்து குருவும் சீடர்களும் படும் பாடு இருக்கிறதே! சிறுவர் பதிப்பு என்று சுருக்குகிறவர்கள் மரியாதை கருதி இதைத்தான் முதலில் வெட்டுவார்கள். வெட்டாத பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு யோசனை. சிங்களப் பிள்ளைகளுக்கு மஹதெனமுத்தா என்று ஒருவர் உண்டு, எல்லாம் தெரிந்த பெரியவர். ஆட்டின் தலை பானைக்குள் மாட்டிக்கொள்ளும். அவர் யோசித்துப் பார்த்து ஆட்டின் தலையை வெட்டச் சொல்வார், பிறகு தலையை எடுக்கப் பானையையும் உடைக்கச் சொல்வார். நம் குருவுக்குச் சொந்த அண்ணன் மாதிரி இருக்கிறாரே என்று நான் நினைப்பதுண்டு. கண்டி அரசவையில் விகடனாக இருந்ததாகச் சொல்லப்படும் அந்தரே இன்னொருவர். பாயில் காய்கிற சீனியை மணல் என்று அரசர் சொல்லி ஏமாற்றப் பார்ப்பார். அந்தரே போய்த் தன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவான். பையன் ஓடிவந்து "அம்மா செத்துப்போச்சு" என்று கத்துவான். இனி என் வாயில் மண்தான் என்று அழுதுகொண்டே அந்தரே பாயில் விழுந்து வாய் நிறையச் சீனியை அள்ளிப் போட்டுக்கொள்வான். பக்கத்துப் பள்ளியில் சிங்களச் சிநேகிதர் இருக்கிற பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், புத்தகம் வாங்காமலே கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. வாசிக்கும்போது நீங்கள் சிரிக்கக்கூடாது. முகத்தைப் பரீட்சை மண்டபத்தில் வைத்திருப்பது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தைவாசி:

அக்கா, சிங்களச் சிறுவர் எழுத்தாளர் சிபில் வெத்தசிங்கவின் குடைத் திருடன் கதை தெரியுமா? குடை என்றால் என்னவென்றே தெரியாத ஒரு கிராமம். ஒருவர் பட்டணம் போய் ஒரு குடை வாங்கிக்கொண்டு வருவார். வழியில் கடையில் ஏறிக் கோப்பி குடித்துவிட்டுத் திரும்பினால் குடை இருக்காது. திரும்பவும் வாங்குவார், திரும்பவும் காணாமல் போகும். கடைசியில் குடைக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டு வைப்பார். அது வழியெல்லாம் சிந்திக்கொண்டு போகும். திருடன் யார் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் உங்கள் லயத்துக் கூரையில் தினமும் ஓடுகிற ஆள்தான். படங்களும் அவரே வரைந்தது. அவர் 2020இல் காலமானார். அதே வருஷம் அவருடைய ஒரு கதைக்குப் பிள்ளைகள் எழுதிய 1,250 முடிவுகளைச் சேர்த்ததற்காகக் கின்னஸில் பதிந்தார்கள். 1,250 முடிவு! உங்கள் தரம் 6 பையன் எந்தக் கடைசிப் பக்கத்தைப் பார்ப்பான்?

அப்புறம் சிவகாசியிலிருந்து வருகிற லயன் காமிக்ஸ். அதில் லக்கி லூக் என்ற கௌபாய் நல்ல தமிழில் பேசுகிறார். தன் நிழலைவிட வேகமாகச் சுடுகிற ஆள், அவரைவிட அறிவான குதிரை, உயர வரிசையில் நிற்கிற 4 திருடச் சகோதரர்கள். வாசிக்கத் திணறுகிற பிள்ளைக்குப் படமே பாதி வேலை செய்துவிடும். விலை கொஞ்சம் கூடத்தான், பழைய பிரதி கிடைத்தால் சொல்கிறேன்.

ஒரு அப்பா:

யாரும் கோபிக்க வேண்டாம். என் மகள் தரம் 5. புலமைப்பரிசில் வருகிறது. சனிக்கிழமையில் குரங்கு, குதிரை முட்டை என்று சிரித்துவிட்டு வந்தால் மார்க்ஸ் யார் போடுவது? நீதிக்கதையிலாவது ஒரு நல்ல விஷயம் மனதில் நிற்கும்.

சாமிமலைக்காரி:

அண்ணா, கோபமெல்லாம் இல்லை. எங்கள் ஹோலிலும் தரம் 5 பிள்ளைகள் 4 பேர் இருக்கிறார்கள், அவர்களுடைய அம்மாமாரும் இதைத்தான் கேட்கிறார்கள். நான் கண்டதை மட்டும் சொல்கிறேன். நீதிக்கதையை ஒரு தரம் வாசிக்கவே கெஞ்ச வேண்டியிருக்கிறது. அந்த வடைப் பக்கத்தை ஒருத்தி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாட்டிக்கு, சித்தப்பாவுக்கு, பக்கத்துக் காம்பராவுக்கு என்று 6 தரம் வாசித்துக் காட்டியிருக்கிறாள். எழுத்துக்கூட்டி வாசித்த பிள்ளை அது. இப்போது எங்கே நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று பார்த்து நிறுத்துகிறாள்.

வாத்தியார் சேர், பரமார்த்த குரு எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியிலேயே இருந்தது! தாத்தாவுடைய பழைய பிரதி, அட்டை இல்லை. பின்பக்கச் சோதிடம் வெட்டப்படாமல் இருக்கிறது. சனிக்கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன்.

நானுஓயா ரயில்பைத்தியம்:

4,000 ரூபாயையும் கடையில் கொடுத்துவிடாதீர்கள். பிரதம் புக்ஸ் என்ற சிறுவர் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், எடுத்து அச்சடிக்கலாம். வாசிப்பு நிலை 1 முதல் 4 வரை பிரித்திருப்பார்கள். உங்கள் பெரிய பிள்ளைகளுக்கு 3, 4 பாருங்கள். மொழிபெயர்ப்பு சிலது மரத்துப்போயிருக்கும், ஆனால் மாற்றி எழுதவும் அனுமதி உண்டு. எனவே 'பலூன் மாமா'வைத் 'தேத்தண்ணிக்கடை மாமா' ஆக்கினால் யாரும் வழக்குப் போடமாட்டார்கள். நம் நாட்டுப் பழைய சிறுவர் புத்தகங்களுக்கு 'நூலகம்' என்ற இணையத்தளத்தைத் துழாவிப் பாருங்கள், 2005இலிருந்து சேர்க்கிறார்கள்.

மிச்சக் காசுக்கு 80 பக்கக் கொப்பி வாங்குங்கள். லயத்துப் பகிடியை எழுத ஆள் இல்லையா என்று கேட்டீர்கள். உங்கள் ஹோலில் 19 பேர் இருக்கிறார்களே?

சாமிமலைக்காரி:

வந்துவிட்டேன். மழை, ஆகவே 26 பேர்.

ஆறு தூங்கிய கதைக்கு நன்றாகவே சிரித்தார்கள். குதிரை முட்டைக்கு இன்னும் கொஞ்சம். எங்கள் பக்கம் பூசணியை வட்டக்கா என்றும் சொல்வோம், நான் வட்டக்கா என்றே வாசித்தேன், அதற்கே ஒரு தனிச் சிரிப்பு. சேர் சொன்ன மாதிரி முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டேன். பிறகு பின்பக்கம் குளிர்ந்தால் சாவு என்ற இடம் வந்தது. ஹோலில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. எல்லாரும் உட்கார்ந்திருந்தது சீமெந்துத் தரையில். மஸ்கெலியாக் குளிர் உங்களுக்குத் தெரியும். ஒருவன் மெதுவாக எழும்பிக் கையால் தொட்டுப் பார்த்தான். "டீச்சர், எனக்கு ஐஸ் மாதிரி இருக்கு" என்றான். அவ்வளவுதான். 26 பேரும் எழும்பி நின்று தங்களைத் தாங்களே தடவிப் பார்க்கிறார்கள். தரம் 4 சின்னவள் ஒருத்தி, "அப்ப எங்கம்மா தினமும் பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே செத்துருதா?" என்று கேட்டாள். பெரட்டு என்றால் விடியக்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடம். நானும் சிரித்துவிட்டேன் சேர், மன்னிக்கவும்.

குடைத் திருடனைப் புத்தகம் இல்லாமல் வாயாலேயே சொன்னேன். திருடன் யார் என்று பாதிக் கதைக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். கிராமத்தாருக்குக் குடை தெரியாது என்பதை மட்டும் நம்பவில்லை. "அப்ப படங்காச்சும் கட்டிக்கிட்டாங்களா?" என்று ஒரே விசாரணை. படங்கு என்றால் மலையில் மழைக்குக் கட்டிக்கொள்வது.

கொப்பி யோசனைக்கு நானுஓயாத் தம்பிக்கு நன்றி. 10 வாங்கினேன், இரண்டு இரண்டு பேருக்கு ஒன்று. முதல் வாரம் எழுதியது பாதி அழுகைக் கதைதான், கட்டம் போட்டு நீதியும் இருந்தது. பழக்கதோஷம். ஆனால் ஒரு கதை வந்திருக்கிறது. பாட்டி கொழுந்துச் சாக்கோடு, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போகிறாள். வீட்டுப் பூனை சாக்குக்குள் தூங்கிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது. தராசில் 3 கிலோ கூடுதலாகக் காட்டுகிறது. கணக்கப்பிள்ளை சந்தோஷமாக எழுதிக்கொள்கிறார். சாக்கைக் கொட்டும்போது பூனை அவருடைய தலையில் பாய்கிறது. அவர் 3 கிலோவை வெட்டப் போக, பாட்டி விடவில்லை. "மலைக்கு வந்துச்சுல்ல, அதுக்கும் அரைப்பேர் போடுங்க" என்கிறாள், அதாவது அரைநாள் சம்பளம். கதை அங்கேயே முடிந்துவிட்டது. நீதி எங்கே என்று பக்கத்தில் இருந்தவன் கேட்டதற்கு, எழுதினவன் சொன்னான்: "பூனைகிட்ட கேளு." எழுதினது யார் தெரியுமா, அதே கடைசிப் பக்கம் பார்க்கிறவன்தான்.

ஒரு பக்கம் 15 ரூபா வீதம் அதைப் போட்டோ கொப்பி எடுத்து லயத்துக்கு ஒன்று கொடுத்திருக்கிறேன். கணக்கப்பிள்ளை ஐயாவுக்குக் கொடுப்பதா என்று இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

இன்றைக்குக் கோயில் பூசாரி கூப்பிட்டு விசாரித்தார். பூசைக்கு உட்காருகிற பிள்ளைகள் எல்லாம் ஏன் நடுவில் எழும்பி எழும்பிப் பின்னால் தொட்டுப் பார்க்கிறார்கள், ஏதும் பூச்சி கடிக்கிறதா என்று. அடுத்த சனிக்கிழமை வந்து கேளுங்கள் ஐயா என்று சொல்லி வைத்திருக்கிறேன்.