கொங்மா லா, சோ லா, ரெஞ்சோ லா: 14 நாள் திட்டம் சரிப்பட்டு வருமா?

கோவைநடை:
வணக்கம். நாங்கள் நான்கு பேர், வயது 29 முதல் 46 வரை. அக்டோபர் கடைசியில் எவரெஸ்ட் பகுதியின் மூன்று கணவாய்ப் பாதையை ('லா' என்றால் கணவாய்) வழிகாட்டியுடன் நடக்க எண்ணம். காத்மாண்டு ஏஜென்சி ஒன்று அனுப்பிய திட்டம் இது:

1 லுக்லாவில் இறங்கி பாக்டிங், 2 நாம்சே, 3 நாம்சேயில் ஓய்வு, 4 தெங்போச்சே, 5 டிங்போச்சே, 6 சுகுங், 7 கொங்மா லா தாண்டி லொபுச்சே, 8 கோரக் ஷெப், அடிவார முகாம், 9 காலா பத்தர் மேடு ஏறிவிட்டு சோங்லா, 10 சோ லா தாண்டி தக்னாக், 11 கோக்யோ, 12 விடியற்காலை கோக்யோ ரி ('ரி' என்றால் குன்று), அன்றே ரெஞ்சோ லா தாண்டி லுங்டென், 13 நாம்சே, 14 லுக்லா. 15ஆம் நாள் காலை காத்மாண்டு, மாலையில் டெல்லி விமானம்.

ஒரு வழிகாட்டி, இரண்டு போர்ட்டர்கள். வருடாவருடம் வெள்ளியங்கிரி ஏறுகிறோம், வாரம் மூன்று நாள் ஓட்டம் உண்டு. இந்த நாள்கள் போதுமா? கிராம்பான் (ஷூவில் மாட்டும் பனிமுள்) வேண்டுமா? உயர நோய்த் தடுப்புக்கு டயமாக்ஸ் மாத்திரை எடுக்கலாமா? இருவர் சுத்த சைவம். ஆதார் போதுமா, பாஸ்போர்ட் வேண்டுமா?

பனிமேடு:
போதாது. ஏழாம் நாளும் பன்னிரண்டாம் நாளும் காகிதத்தில் மட்டும்தான் நடக்கும்.

நாம்சே 3,440 மீட்டர். நான்காம் நாள் தெங்போச்சே 3,867, ஐந்தாம் நாள் டிங்போச்சே 4,410, ஆறாம் நாள் சுகுங் 4,730, ஏழாம் நாள் 5,535 மீட்டர் கணவாயைத் தாண்டி லொபுச்சேயில் 4,940-இல் தூக்கம். நான்கே இரவில் 1,500 மீட்டர், இடையில் ஒரு ஓய்வு நாள்கூட இல்லை. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே உயரத்தில் இரண்டாம் இரவு தங்க வேண்டும். இதுதான் மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. வெள்ளியங்கிரி உங்கள் தொடைக்கும் முட்டிக்கும் உதவும். 4,000 மீட்டருக்கு மேல் ஆக்ஸிஜன் குறைவதற்கு எந்தப் பயிற்சியும் மாற்றாகாது. சொல்லப்போனால் நல்ல உடல்தகுதி உள்ளவர்கள்தான் வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறார்கள்.

டிங்போச்சேயில் ஒரு நாள் கூட்டுங்கள். நாங்கர்ட்ஷாங் மேடு வரை ஏறி, திரும்பி வந்து அங்கேயே தூங்க வேண்டும். சுகுங்கிலும் ஒரு நாள். அன்று சுகுங் ரி பக்கம் முடிந்த உயரம் வரை போய் வந்தால் கொங்மா லா அன்று மூச்சு வாங்குவது குறையும். காலா பத்தர் முடித்து லொபுச்சேயில் தூங்கினால் மறுநாள் சோங்லா அரை நாள் நடைதான். அடுத்த நாள் சோ லாவுக்குக் கால் மிச்சம் இருக்கும்.

பன்னிரண்டாம் நாளைப் பாருங்கள். கோக்யோ 4,790-இல் இருக்கிறது. கோக்யோ ரி சுமார் 5,360, ரெஞ்சோ லாவும் கிட்டத்தட்ட அதே உயரம். ஒரே நாளில் இரண்டு முறை அந்த உயரம் ஏறி இறங்கி, பிறகு லுங்டென் 4,380 வரை நடை. மாலை மேகம் மூடிய பிறகு கணவாய் உச்சியில் நிற்பீர்கள். இரண்டையும் தனித்தனி நாளாக்குங்கள்.

எல்லாம் சேர்த்தால் நடை மட்டும் 18 நாள். அதன்மேல் பனிக்கோ உடல்நலக் குறைவுக்கோ இரண்டு நாள் கையிருப்பு. லுக்லா விமானம் வந்த அன்றே டெல்லி விமானம் என்பது சூதாட்டம். லுக்லாவில் மேகம் இறங்கினால் இரண்டு மூன்று நாள்கூட எதுவும் பறக்காது. காத்மாண்டுவில் குறைந்தது ஒரு முழு நாள் விடுங்கள்.

இன்னொன்று: அக்டோபர் நெரிசல் காலத்தில் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் காத்மாண்டுவிலிருந்து அல்ல, ராமேச்சாப் மாவட்டத்து மந்த்லியிலிருந்து. நாலைந்து மணி நேரச் சாலைப் பயணம், நள்ளிரவு தாண்டிப் புறப்பட வேண்டும். ஏஜென்சி விலையில் அந்த வண்டி சேர்த்தியா என்று கேளுங்கள். கைப்பையோடு சேர்த்து ஆளுக்கு 15 கிலோதான் அனுமதி.

கல்லும்பனியும்:
மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். கணவாய்களைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் மூன்றும் மூன்று விதம்.

கொங்மா லாவில் பனியைவிட நீளம்தான் சிக்கல். சுகுங்கிலிருந்து லொபுச்சே வரை ஒரு டீக்கடைகூடக் கிடையாது, 8 முதல் 10 மணி நேரம். காலை ஐந்து மணிக்குள் புறப்படுங்கள், ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீரும் மதிய உணவும் முதுகில் இருக்கட்டும். கணவாய் தாண்டி இறங்கியதும் லொபுச்சே எதிரே தெரியும், முடிந்தது என்று நினைப்பீர்கள். நடுவில் கும்பு பனியாறு கிடக்கிறது. கல்மண் மூடிய பனி, ஏற்ற இறக்கம், சிறு குளங்கள். பனி நகர நகரப் பாதை மாறும், பழைய ஜிபிஎஸ் கோட்டை நம்பி நடந்தால் செங்குத்தான பனிச்சுவரின் விளிம்பில் நிற்பீர்கள். அடுக்கிவைத்த கல்குவியல்களைப் பார்த்துப் போக வேண்டும், வெளிச்சம் இருக்கும்போதே. பார்வைத் தூரம் இல்லாத நாளில் இதைத் தொடாதீர்கள். டிங்போச்சே இறங்கி துக்லா வழியாக லொபுச்சே போய்விடலாம், கெளரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

சோ லா, 5,420. சோங்லா பக்கம் பாறைமேல் கைவைத்து ஏறும் இடம் ஒன்று, அதன்மேல் சரிவு குறைந்த பனியாறு. இங்கேதான் மைக்ரோஸ்பைக்ஸ் (ரப்பர் பட்டையோடு ஷூமேல் மாட்டும் சிறு முட்கள்) கட்டாயம். பனிமலை ஏறும் பெரிய கிராம்பான் தேவையில்லை, சாதாரண டிரெக்கிங் ஷூவில் அது சரியாக உட்காரவும் செய்யாது. காத்மாண்டுவின் தமேல் கடைத்தெருவிலோ நாம்சேயிலோ வாங்கலாம். வாங்கும்போதே உங்கள் ஷூவில் மாட்டிப் பாருங்கள், ரப்பர் தளர்ந்ததை வாங்கினால் பனி நடுவே கழன்றுகொள்ளும். தக்னாக் பக்க இறக்கம் செங்குத்தான கல்சரிவு. வெயில் ஏறினால் கற்களைப் பிடித்திருக்கும் பனி இளகி உருளத் தொடங்கும். அதனால்தான் சோங்லாவில் நாலரை ஐந்து மணிக்கே கிளப்புகிறார்கள், சூரிய உதயம் பார்க்க அல்ல. புதுப்பனி விழுந்தால் வழிகாட்டிகள் ஓரிரு நாள் போக மாட்டார்கள். அப்போது சுற்றுவழி: பெரிச்சே, பங்போச்சே, போர்ட்சே வழியாக கோக்யோ பள்ளத்தாக்கு. மூன்று நாள் பிடிக்கும். பனிமேடு சொன்ன கையிருப்பு நாள்கள் இதற்குத்தான்.

தக்னாக்கிலிருந்து கோக்யோ போக ஞோசும்பா பனியாற்றைக் கடக்க வேண்டும். நேபாளத்திலேயே நீளமானது, பாதையும் மாறிக்கொண்டே இருக்கும். மூன்று மணி நேர வேலைதான், ஆனாலும் தனியாக முன்னே ஓடாதீர்கள்.

ரெஞ்சோ லா மூன்றில் எளிது. மேற்கே இறங்கும் கல்படிகளில் காலையில் கண்ணாடிப்பனி படிந்திருக்கும், ஸ்பைக்ஸைப் பைக்குள் அடியில் போட்டுவிடாதீர்கள்.

அக்டோபர் கடைசி நல்ல பருவம்தான். ஆனால் வங்காள விரிகுடாப் புயல் செய்தியைப் பாருங்கள். 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுத்ஹுத்தின் மிச்சம்தான் அன்னபூர்ணா பக்கம் தோரோங் லா உள்ளிட்ட இடங்களில் பனிப்புயலாகி 40-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. நம் கடலில் புயல் சின்னம் என்றால் இரண்டு மூன்று நாளில் அங்கே பனி வரலாம்.

மாத்திரைப்பெட்டி:
டயமாக்ஸ் பற்றி: தடுப்புக்கு 125 மி.கி., காலை மாலை. ஏறத் தொடங்கும் முந்தைய நாளே ஆரம்பிக்க வேண்டும். விரல் நுனி மரத்துப்போகும், அடிக்கடி சிறுநீர் போகும், சோடா சப்பென்று இருக்கும். இவை எதிர்பார்க்கக் கூடியவை. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. ஊரிலேயே இரண்டு நாள் போட்டுப் பாருங்கள். மாத்திரை போட்டதால் ஓய்வு நாளைக் குறைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

தலைவலியோடு பசியின்மை, குமட்டல், தூக்கமின்மை இருந்தால் அது உயர நோய் என்றே வைத்துக்கொண்டு அன்று மேலே போகாமல் இருங்கள். நேர்கோட்டில் குதிகால்-விரல் ஒட்டி நடக்கச் சொல்லும்போது தள்ளாடினால் மூளை வீக்கம். உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால், இருமலில் கரகரப்பு கேட்டால் நுரையீரலில் நீர். இரண்டுக்கும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, இரவானாலும் ஆளை இறக்க வேண்டும், தனியாக அல்ல. விரல் ஆக்ஸிமீட்டர் எண்ணைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். 5,000 மீட்டரில் 80-ஐ ஒட்டிய அளவு நன்றாக இருப்பவரிடமும் காட்டும், குளிர்ந்த விரலில் இன்னும் குறையும்.

பருவ காலத்தில் பெரிச்சேயில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் மருத்துவ முகாம் இருக்கிறது, மாலையில் உயர நோய் பற்றி விளக்கவும் செய்வார்கள். டிங்போச்சே ஓய்வு நாளில் நடந்து போய்க் கேட்கலாம்.

காப்பீட்டில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள்: எத்தனை மீட்டர் வரை பொருந்தும், ஹெலிகாப்டர் மீட்பு உண்டா. பல பாலிசிகள் 4,000 அல்லது 4,500-உடன் நின்றுவிடும். உங்களுக்கு 6,000 வேண்டும். தேவையில்லாத ஹெலிகாப்டர் அழைத்துக் காப்பீட்டில் பணம் பார்க்கும் மோசடியை நேபாள அரசே 2018-இல் விசாரித்தது. லேசான தலைவலிக்கு யாராவது "ஹெலிகாப்டர் கூப்பிடலாமா" என்றால், முதலில் காப்பீட்டு நிறுவன எண்ணுக்கு நீங்களே பேசுங்கள்.

ஆதார் போதாது. விமானத்தில் நேபாளம் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை. விசா வேண்டாம். சாகர்மாதா (எவரெஸ்ட்) தேசியப் பூங்காக் கட்டணம் இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு 1,500 நேபாள ரூபாய், மற்றவர்களுக்கு 3,000. அடையாள அட்டையைக் காட்டி சார்க் கட்டணத்தில் எடுக்கச் சொல்லுங்கள். கும்பு (எவரெஸ்ட் பகுதி) ஊராட்சிக் கட்டணம் தனி.

சைவத்துக்குக் கவலை வேண்டாம். கும்புவில் உயிர்க்கொலை கூடாது என்பது ஷெர்பாக்களின் வழக்கம், இறைச்சி கீழிருந்து நாள்கணக்கில் சுமந்து வருவது. நாம்சேக்கு மேல் அசைவக்காரர்களும் தொடாமல் இருப்பதே வயிற்றுக்கு நல்லது. தால்பாத் எங்கும் கிடைக்கும், சோறும் பருப்பும் மறுபடி கேட்டால் போடுவார்கள். உருளைக்கிழங்கு அரைத்துச் சுடும் ரிக்கி குர்ரைத் தவறவிடாதீர்கள்.

கோவைநடை:
மிக்க நன்றி. அலுவலக விடுப்பைக் கணக்கிட்டால் லுக்லா இறங்கி லுக்லா திரும்ப 17 நாள்தான் கிடைக்கும். எதை விடலாம்?

பனிமேடு:
கொங்மா லாவை. டிங்போச்சே ஓய்வுக்குப் பின் துக்லா வழியே லொபுச்சே, மறுநாள் கோரக் ஷெப், அடுத்த நாள் காலா பத்தர் முடித்து சோங்லா. பிறகு சோ லா, கோக்யோ, கோக்யோ ரி, ரெஞ்சோ லா. லுக்லா திரும்ப 15 நாள், இரண்டு நாள் மிச்சம்.

கல்லும்பனியும்:
நான் அடிவார முகாமையும் காலா பத்தரையும் விடுவேன். முகாம் இருக்கும் இடத்திலிருந்து எவரெஸ்ட் சிகரமே தெரியாது, அக்டோபரில் கூடாரமும் அவ்வளவாக இருக்காது. சுகுங்கில் இரண்டு இரவு, கொங்மா லா, லொபுச்சே, நேரே சோங்லா. 16 நாள், மிச்சம் ஒன்றே ஒன்று. பனிமேடு திட்டம் பத்திரமானது, இது அழகானது. சோ லா மூடினால் மட்டும் ரெஞ்சோவை விட்டுவிட மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

எதை எடுத்தாலும் ஏஜென்சியிடம் எழுத்தில் வாங்க வேண்டியது சில உண்டு. நான்கு பேருக்கு ஒரு வழிகாட்டி போதாது, ஒருவருக்கு முடியாமல் போனால் அவரோடு இறங்க இன்னொரு ஆள் வேண்டும். உதவி வழிகாட்டி ஒருவரைச் சேருங்கள். போர்ட்டர் ஒருவருக்கு இருவரின் மூட்டை, மொத்தம் 25 கிலோவுக்குள். போர்ட்டர்களுக்குக் காப்பீடு, பனிக்கேற்ற ஷூ, கையுறை, கண்ணாடி யார் தருகிறார்கள் என்று கேளுங்கள். சோ லாவில் வெறும் கேன்வாஸ் ஷூவோடு உங்கள் பையைத் தூக்கும் பையன்தான் முதலில் வழுக்குவான். "கையிருப்பு நாளுக்கு வழிகாட்டி, போர்ட்டர் கூலி எவ்வளவு" என்பதும் முன்பே எழுதியிருக்கட்டும், இல்லையென்றால் சோங்லாவில் பனி கொட்டும்போது பேரம் பேச வேண்டி வரும்.

நேபாள ரூபாயை நாம்சேயிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் ஏடிஎம் இல்லை.