புதுப்பிப்பு: காலைத் தும்மலுக்குக் காரணம் தெரிந்துவிட்டது

தினமும் எழுந்ததும் இருபது முப்பது தும்மல், அலர்ஜி பரிசோதனைக்குப் போகலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேனே, போய் வந்துவிட்டேன். முதல் தடவை வீண். முந்தின இரவு செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரை போட்டிருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரமாவது அந்த மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டுமாம், தேதி கொடுக்கும்போதே இதைச் சொல்லியிருந்தால் என்ன? அந்த ஒரு வாரம் பட்ட பாடு எனக்கும் என் கைக்குட்டைக்கும்தான் தெரியும்.

சரி, பரிசோதனை. முன்கையில் பேனாவால் எண் போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அலர்ஜி தரக்கூடிய ஒரு பொருளின் சொட்டை வைத்து லேசாகக் குத்தினார்கள், ரத்தம்கூட வரவில்லை. 15 நிமிடத்தில் தூசிப்பூச்சிக்கான (மெத்தையிலும் தூசியிலும் வாழும், கண்ணுக்குத் தெரியாத பூச்சி) இடம் கொசுக்கடி போல வீங்கி ஒரே அரிப்பு. கரப்பானுக்குக் கொஞ்சம். நான் இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பூனை நிரபராதி!

இப்போது தினமும் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே. உடனே கேட்காது, எனக்குப் பத்தாம் நாள்தான் வித்தியாசம் தெரிந்தது. அப்புறம் அம்மாவின் பழைய இலவம்பஞ்சு மெத்தைக்கு ஜிப் வைத்த உறை, விரிப்புகளுக்கு வாராவாரம் 60 டிகிரி வெந்நீர். அலர்ஜி ஊசி என்றால் 3 முதல் 5 வருடம் போட வேண்டும் என்பதால் அதை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். நேற்று காலை நான்கே தும்மல்.